அண்ணாவுக்கு: படகை நான் விற்கப் போவதில்லை

அன்புள்ள அண்ணா,

நீங்கள் அனுப்பிய மனிதர் வெள்ளிக்கிழமை மாலை வந்து, மூடுதுணியை விலக்கி, படகைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, உங்களோடு பேசி முடித்த விலையை என்னிடம் சொன்னார். படகு விற்பனைக்கு இல்லை என்று சொல்லி, தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டேன். அவரிடம் உங்கள் வாக்குப் பொய்த்துப்போனதற்கு என்னை மன்னியுங்கள். ஆனால் இருவருடைய காசிலும் வாங்கிய ஒன்றுக்குக் கல்கரியில் இருந்துகொண்டு தனியாக விலை பேசியவர் நீங்கள்தான். அந்த மன்னிப்பை நான் முழுமனதோடு கேட்க முடியாமல் இருப்பதற்கு அதுவே காரணம்.

தொலைபேசியில் சொன்னால், ‘பிறகு பாப்பம்’ என்று வைத்துவிடுவீர்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன். ஊரவர்களும் உறவினர்களும் இதை வாசிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆகவே அண்ணியின் கடைசி மாதங்களைப் பற்றியோ, அதன் பிறகு நீங்கள் ஏன் ஏரிப் பக்கமே வரவில்லை என்பதைப் பற்றியோ எதுவும் சொல்லப் போவதில்லை. அவை உங்களுக்குரியவை.

படகு எனக்கும் உரியது. ஒரு பெண் தனியாக வைத்துப் பராமரிக்கக்கூடிய படகு இதுவல்ல என்று மாமியிடம் நீங்கள் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அண்ணா, ஆங்கிலேயப் படகு வடிவமைப்பாளர் இயன் புரொக்டர் 1957இல் இந்த வேஃபேரர் வகைப் பாய்ப்படகை வரைந்ததே சாதாரணக் குடும்பங்கள் காரின் பின்னால் இழுத்துச் சென்று தண்ணீரில் இறக்க வேண்டும் என்பதற்காகத்தான் என்று எனக்குச் சொல்லித் தந்தவர் நீங்கள். நீளம் 4.82 மீட்டர், வெற்றுடல் 169 கிலோ. அடியில் தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் நடுப்பலகையை மேலே தூக்கிவிட்டால் 20 சென்ரிமீட்டர் ஆழத்திலும் மிதக்கும். பாய்மரம் அடியில் கீல் போலத் திரும்பி எழும்புவதால், முன்கயிற்றை இழுத்துப் பிடிக்க ஒருவர் இருந்தால் போதும். என் மகளுக்கு அது நன்றாகவே கைவந்திருக்கிறது. நிமிர்த்துவதற்கு முன்பு மேலே மின்கம்பி போகிறதா என்று பார்க்கவும் அவளைப் பழக்கியிருக்கிறேன். இதே வகைப் படகில் 1963இல் ஸ்கொட்லாந்திலிருந்து ஐஸ்லாந்துக்குப் போன ஃபிராங்க் டையைப் பற்றி எத்தனையோ தடவை சொன்ன நீங்கள், அவருடைய மனைவி மார்கரெட்டும் அவரோடு பாய் விரித்துக் கடலோடியவர் என்பதை ஒருதடவைகூடச் சொன்னதில்லை. அதை நானாகத்தான் வாசித்து அறிந்துகொண்டேன்.

உங்களுக்கு நினைவிருக்கிறதோ தெரியவில்லை, ரொறன்ரோவில் ஏரிக்கரையில் இருக்கும் பிளஃபர்ஸ் பூங்காவில் இருந்து படகில் போன அந்த ஓகஸ்ட் ஞாயிறு எனக்கு இன்னும் முடியாத நாளாகவே இருக்கிறது. காற்று வடமேற்கில் இருந்து வந்தது. 90 மீட்டர் வரை உயர்ந்து நிற்கும் அந்த மண்மலைகளின் மறைவில் ஏரி எண்ணெய் ஊற்றியதுபோல் அசைவற்றுக் கிடந்ததால், வெளியே போனதும் காற்று எப்படி அறையும் என்பதைக் கரையில் நின்ற எவராலும் கணிக்க முடியாது. நீங்கள் கணித்து, புறப்படுமுன்பே பெரிய பாயைச் சுருக்கிக் கட்டச் சொன்னீர்கள். வெளியே வந்ததும் ஒன்றும் சொல்லாமல் சுக்கான்பிடியை என் கையில் தந்துவிட்டு முன்னால் போய்ச் சிறிய பாயின் கயிற்றைப் பிடித்துக்கொண்டீர்கள். வல்வெட்டித்துறையில் அப்பாவின் வள்ளத்தில் ஒருநாளும் ஏற்றப்படாத எனக்கு, அந்தப் பிடியின் வழியே தண்ணீரின் அழுத்தம் உள்ளங்கைக்கு ஏறியபோது அழுகை வந்தது. நீங்கள் பார்த்தீர்கள், பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பி, வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணிப் பாய்க்கப்பலில் நம் ஊர் மாலுமிகள் அத்திலாந்திக்கைக் கடந்து 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டருக்குப் போய்ச் சேர்ந்த கதையைச் சொல்லத் தொடங்கினீர்கள். அந்த மென்மைக்காக உங்களை என் வாழ்நாள் முழுக்க நேசிப்பேன்.

திரும்பும் வழி முழுக்க எதிர்க்காற்று. பாயை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மாற்றி மாற்றி, குறுக்கும் மறுக்குமாக ஏறித்தான் வரவேண்டியிருந்தது. மலையோரத்தில் காற்று ஓரிடத்தில் நில்லாமல் திசை மாறிக்கொண்டிருந்தபோதும் நான் ஒரு திருப்பத்தையும் தவறவிடவில்லை. ‘அப்பிடித்தான், அப்பிடித்தான்’ என்று நீங்களே சொன்னீர்கள். துறையின் வாயை நெருங்கியபோது, ஒன்றுகூடலுக்கு வந்த நம் ஊர் ஆட்கள் கரையில் நின்று கை காட்டினார்கள். நீங்கள் எழும்பி வந்து, ஒரு சொல்லும் இல்லாமல், என் கையில் இருந்த சுக்கான்பிடியை வாங்கிக்கொண்டீர்கள். கரையில் ஒருவர், ‘தங்கச்சியையும் ஏத்திக்கொண்டு ஓடியிருக்கிறியள்’ என்று பாராட்டினார். நீங்கள் சிரித்தீர்கள்.

படகுகளும் ஆட்களும் நெருக்கமாக இருந்த இடத்தில் பழகிய கை தேவைப்பட்டது என்று நீங்கள் சொல்லக்கூடும். இருக்கலாம். அதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் நானே மகிழ்ச்சியோடு தந்திருப்பேன். அன்றே கேட்காமல் இத்தனை காலம் மனதில் வைத்திருந்து இப்போது பலர் முன்னிலையில் எழுதுவது உங்களை நோகடிக்கும் என்பதும் எனக்குத் தெரியும். அதற்காக வருந்துகிறேன், எழுதியதை அழிக்க மாட்டேன்.

நீங்கள் போனபிறகு படகு பழுதாகிவிடவில்லை. ட்ரெயிலர்ச் சக்கரங்களின் பெயரிங்குகளைக் கழற்றிப் பழைய கிறீஸைத் துடைத்துப் புதியதை நானே அடைத்தேன். ஓடிவந்த சூட்டோடு சக்கரத்தைக் குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் உள்ளே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், பூங்காவுக்கு இறங்கும் பிரிம்லி வீதியின் செங்குத்தான இறக்கத்தால் வந்ததும் காரை ஓரமாக நிறுத்திவிட்டு, பாய்மரத்தை நிமிர்த்தி முடிக்கும்வரை அது ஆறட்டும் என்று விடுகிறேன். சட்டப்படி வேண்டிய 15 மீட்டர் மிதக்கும் கயிறும் தண்ணீர் இறைக்கும் வாளியும் படகில் இருக்கின்றன. காற்றுச் சூடாக இருக்கும் யூன் மாதத்திலும் ஏரித் தண்ணீர் ஆளை விறைக்க வைக்கும் என்ற உங்கள் எச்சரிக்கையை மறக்கவில்லை. அந்த மாதத்தில் நாங்கள் துறையை விட்டுத் தொலைவுக்குப் போவதில்லை.

அந்த மனிதர் சொன்ன விலையில் சரிபாதியை உங்கள் கணக்குக்கு அனுப்பியிருக்கிறேன். திருப்பி அனுப்பாதீர்கள், தங்கைக்குத் தந்த பரிசு என்று யாரும் இந்தப் படகைச் சொல்லக் கூடாது. கோடையில் வந்தால் முன்னிருக்கை உங்களுக்கு எப்போதும் உண்டு, சிறிய பாயை உங்களைப்போல் பிடிக்க இங்கே ஒருவரும் இல்லை. சுக்கான் என் கையில் இருக்கும், துறைக்குள் வந்து கட்டும்வரைக்கும்.

ட்ரெயிலர் இன்னும் உங்கள் பெயரில்தான் பதிவாகியிருக்கிறது. உரிமைமாற்றப் பத்திரத்தைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். நான் பென்சிலால் அடையாளமிட்ட இடத்தில் கையெழுத்திட்டு, ஏப்ரல் முடிவதற்குள் கிடைக்கும்படி அனுப்பிவையுங்கள்.

உங்கள் தங்கை