படுத்துக் கிடக்க ஒரு ஹால்

பெங்களூரில் எங்கள் பகுதித் தமிழ் மன்றத்தின் செயற்குழுவினருக்கு,

வணக்கம். தரையில் படுத்து மெதுவாக அசையும் ஃபெல்டன்கிரைஸ் பயிற்சிக்காக, செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் காலை 6.30 முதல் 7.30 வரை கீழ்த்தள ஹால் வேண்டும் என்று போன மாதம் எழுதிக் கொடுத்தோம். பதில் எழுத்தில் வரவில்லை. மாடிப்படியில் வைத்து வாய்வார்த்தையாக வந்தது: “படுத்துக் கிடக்கிறதுக்கு ஹால் எதுக்கும்மா, வீட்டுல கட்டில் இல்லையா?” பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கோபம் வந்தது. அது ஆறிய பிறகு எழுதுகிறேன். குழுவில் எல்லோரும் படிக்கட்டும், உறுப்பினர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் வைக்கிறேன்.

நாங்கள் படுத்துக் கிடப்பது உண்மைதான். ஜமக்காளத்தில் மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிக்கொள்வோம். இடுப்புக்கு அடியில் ஒரு கடிகாரம் இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். தொப்புள் பக்கம் 12, வால் எலும்புப் பக்கம் 6. எண் எண்ணாக இடுப்பை உருட்டிக்கொண்டு போக வேண்டும். பார்க்கிறவருக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். ஆனால் எனக்கு 4 வந்ததும் இடுப்பு வழுக்கி நேராக 6-க்குப் போய்விடும். நடுவில் 5 என்று ஒன்று என் உடம்பிலேயே இல்லை. அது காணாமல் போனது எனக்குத் தெரியவே 58 வயதாகிவிட்டது.

இது மோஷே ஃபெல்டன்கிரைஸ் வகுத்த முறை. 1904இல் இன்றைய உக்ரைனில் பிறந்தவர். சாமியார் எல்லாம் இல்லை. பொறியாளர், இயற்பியல் படித்தவர், பாரிஸில் விஞ்ஞானி ஜோலியோ கியூரியோடு வேலை பார்த்தவர், ஜூடோவில் கறுப்புப் பட்டை வாங்கியவர். கால்பந்தில் அடிபட்ட முழங்கால் அவரைப் படுத்தி எடுத்தது. எந்த அசைவில் வலிக்கிறது, எதில் வலிக்கவில்லை என்று தன்னைத்தானே கவனித்துக் கவனித்துத்தான் இந்தப் பாடங்களை உண்டாக்கினார். இஸ்ரேலின் பிரதமராக இருந்த பென் குரியன் 70 வயதுக்கு மேல் கடற்கரையில் தலைகீழாக நின்ற படத்தைப் பார்த்திருப்பீர்கள். அதைக் கற்றுக்கொடுத்தவர் இவர்தான்.

சரி, ஏன் இவ்வளவு மெதுவாக? 25 கிலோ அரிசி மூட்டையைத் தலையில் வைத்திருப்பவருக்கு, அதன் மேல் யாராவது ஒரு கைப்பிடி அரிசி போட்டால் தெரியாது. வெறும் உள்ளங்கையில் போட்டால் உடனே தெரியும். சுமை கூடக் கூட, சின்ன வித்தியாசத்தை உணரும் திறன் குறைகிறது. ஜெர்மன் ஆய்வாளர் எர்ன்ஸ்ட் வேபர் 19ஆம் நூற்றாண்டிலேயே எடைகளை வைத்துச் சோதித்துப் பார்த்த விஷயம் இது. முக்கி முனகிச் செய்தால் வியர்வை வரும், உடம்பு என்ன சொல்கிறது என்பது மட்டும் காதில் விழாது.

எங்கள் குழுவில் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் லேத் ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். வலது தோள் இறுகிப்போய், சட்டைக்குள் கை நுழைக்கவே மனைவியைக் கூப்பிட வேண்டிய நிலைமை. மூன்றாவது வாரம், கண்ணை மூடிப் படுத்தபடியே, “தோள்ல இல்லம்மா கோளாறு, நான் விலாவை லாக் பண்ணி வெச்சிருக்கேன்” என்றார். மிஷினில் எங்கே ப்ளே (ஆட்டம்) இருக்கிறது, எங்கே இறுகியிருக்கிறது என்று கை வைத்தே சொன்ன மனிதர், தன் மேலேயே கை வைத்துப் பார்க்க இத்தனை வருடம். இப்போது சட்டையைத் தானே போட்டுக்கொள்கிறார். மேல் அலமாரிக்குக் கை இன்னும் எட்டவில்லை.

அதனால்தான் உங்கள் செயற்குழுவில் ஒருவர் அன்போடு சொன்ன யோசனையை மறுக்கிறேன். ‘மூட்டுவலி நிவாரண முகாம்’ என்று பேனர் கட்டினால் ஹாலும் தரலாம், தைலக் கம்பெனி விளம்பரமும் பிடிக்கலாம் என்றார். வேண்டாம் ஐயா. இறுகிய தோள் பலருக்கு ஒன்றிலிருந்து மூன்று வருடத்தில் தானாகவே தளரும். சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் இழுக்கும். இதில் எங்கள் பங்கு எவ்வளவு என்று நாங்களே அளக்க முடியாது. இதன் உறவுக்கார முறையான, மெதுவாக அசையும் சீனப் பயிற்சி தாய் சீயைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடிகிறது: 2012இல் பார்க்கின்சன் நோயாளிகள் 195 பேரிடம் செய்த ஆய்வில் உடல் சமநிலை மேம்பட்டது தெரிந்தது. அதுவும் அந்த நோயைக் குணப்படுத்தியதாக யாரும் சொல்லவில்லை. மருத்துவர் கொடுத்த மாத்திரையை எங்களில் ஒருவரும் நிறுத்தவில்லை, நிறுத்தச் சொல்லவும் மாட்டோம்.

செயலாளரே, உங்களுக்கென்று ஒன்று. பட்டிமன்றத்துக்கு முந்தின நாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடப்பீர்களே, நாற்காலியில் உட்கார்ந்தா யோசிக்கிறீர்கள்? அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் செய்து 2014இல் வெளியான ஆய்வில், நடக்கும்போது மனிதர்களுக்குப் புதுப் புது யோசனைகள் சராசரியாக 60 சதவீதம் கூடுதலாக வந்தன. வெற்றுச் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் கூடியது. ஒரே ஒரு சரியான விடையைக் கண்டுபிடிக்கும் கணக்குகளில் மட்டும் அந்தப் பலன் இல்லை. (பட்டிமன்றத்தில் சரியான விடை எப்போது இருந்தது?) எனக்கும் அப்படித்தான். ஆண்டு மலருக்கு நான் எழுதிய கட்டுரையின் முதல் வரி, ஒரு பக்கத் தோளை மட்டும் தரையில் உருட்டிக்கொண்டிருந்தபோது வந்தது.

கட்டில் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. ஆனால் மெத்தையில் படுத்தால் எந்த விலா எலும்பு தரையில் படுகிறது, எது படவில்லை என்று தெரியாது. காலை ஆறரைக்கு வீட்டில் குக்கர் விசில், ஸ்கூல் வேன், மோட்டார். அல்சூர் ஏரிக்கரையில் நடக்கலாம், கப்பன் பூங்காவில் உட்காரலாம். இந்த ஊர் ஜூலைத் தூறலில் புல்லில் முதுகை வைக்க முடியுமா?

நாங்கள் 14 பேர். ஜமக்காளம் கொண்டு வருவோம். நாற்காலிகளை நாங்களே அடுக்கி, 7.45-க்குள் பழையபடி போட்டுவிடுவோம். பயிற்சி பெற்ற ஆசிரியை மாதம் இருமுறை வருவார், அவருக்கு நாங்களே பணம் தருகிறோம். மைக் வேண்டாம். அந்த ஒரு மணி நேரம் பக்கத்து அறையில் கேரம் ஆடாமல் இருந்தால் போதும்.

அப்புறம், ஹாலில் மூன்றாவது ஃபேன் கடகடக்கிறதே, அதில் பேரிங் போய்விட்டதாம். லேத் ஐயா கீழே நின்றே கேட்டுச் சொன்னார். ஹால் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை ஸ்பேனரோடு வருகிறார். ஏணியில் இன்னும் கை எட்டாது, யாராவது ஏறித்தர வேண்டும்.

இப்படிக்கு,
ஆயுள் உறுப்பினர் ஒருத்தி