வேகம் பாதி, வெட்டு பாதி

அன்புள்ள கவினுக்கு,

நீ அனுப்பின பாட்டைக் கேட்டேன். வேகத்தை இறக்கியிருக்கிறாய், சரி. ஆனால் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்து ஹிப்-ஹாப் ரீமிக்ஸ் பாணிக்கு ('சாப்ட் அண்ட் ஸ்க்ரூட்') அது பாதிதான். மீதி, சொல்லை வெட்டித் திருப்பிப் போடுவதில் இருக்கிறது.

ஹூஸ்டனின் தெற்குப் பகுதியில் 1990களின் தொடக்கத்தில் டிஜே ஸ்க்ரூ (ராபர்ட் ஏர்ல் டேவிஸ்) இதை வீட்டிலேயே கையால் செய்தார். ஒரே ரெக்கார்டின் இரண்டு பிரதி, அவற்றைச் சுழற்ற இரண்டு டர்ன்டேபிள். ஒன்று மற்றதற்கு ஒரு பீட் (ஒரு தாளத் தட்டு) பின்னால் ஓடும். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றும் ஃபேடரைச் சட்டென்று தள்ளினால், இப்போது கேட்ட சொல்லே மறுபடி விழும். பதிந்த பிறகு டேப்பின் வேகத்தையும் இறக்குவார். சாம்பல் நிறக் கேசட்டுகளாக அது ஊர்க் கார்களிலெல்லாம் ஓடியது.

உன் லேப்டாப்பில் 90 பிபிஎம் (நிமிடத்துக்கு 90 பீட்) பாட்டை 72க்கு இறக்கும்போது, சுருதியை மாறாமல் பிடித்துவைக்கும் கீ லாக்கை அணைத்துவிடு. உன் பாட்டில் குரல் கரகரவென்று உடைவதற்கு அதுதான் காரணம். அணைத்தால் ஐந்து கட்டைக் குரல் ஏறக்குறைய இரண்டரைக் கட்டைக்கு இறங்கும். அந்தக் கனம்தான் இந்த இசைக்கு உயிர். கிக் டிரம்மின் அடியும் கூடவே இறங்கும், 50 ஹெர்ட்ஸ் 40 ஆகும். 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள சத்தத்தை ஃபில்டரில் நீக்கிவிடு, இல்லாவிட்டால் பேஸ் (அடித்தொனி) குழம்பும்.

பிறகு அதே ட்ராக்கை நகலெடுத்து 833 மில்லிசெகண்ட் தள்ளி வை. 72 பிபிஎம்மில் ஒரு பீட் அவ்வளவுதான். இரண்டும் சேர்ந்து கேட்கக் கூடாது. கேட்டால் வெறும் எக்கோ. மாற்றும் இடத்தில் 5 மில்லிசெகண்ட் ஃபேட் (சத்தம் மெல்ல மாறுவது) போடு, 'டிக்' சத்தம் வராது.

இங்கேதான் கவனம் வேண்டும். நகலுக்குப் போய் ஒரு பீட்டில் திரும்பினால், நடுவில் ஒரு பீட் விழுங்கப்படும். அங்கே முக்கியமான சொல் இருந்தால் வரியே சிதையும். அதனால் வரி முடிந்து பாடுகிறவர் மூச்சு விடும் இடத்துக்கு முந்தின சொல்லைத் திருப்பிப் போடு. நீ ஒவ்வொரு பாரிலும் (நாலு பீட் சேர்ந்தது ஒரு பார்) வெட்டியிருக்கிறாய். நாலு பாருக்கு ஒன்று போதும்.

இன்னொன்று. இந்த இசையோடு கோடீன் கலந்த இருமல் மருந்தையும் சேர்த்தே பேசுவார்கள். அது மூச்சை அடக்கும் மருந்து. ஸ்க்ரூ 2000 நவம்பரில், 29 வயதில் போனதற்கு அதுவும் ஒரு காரணம். யார் கொடுத்தாலும் தொடாதே, கண்ணா.

அடுத்த தடவை இரண்டு ட்ராக்கையும் தனித்தனியாக அனுப்பு. எந்த வெட்டு தள்ளிப் போயிருக்கிறது என்று குறித்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா