35 வயதைத் தாண்டிய பெண்கள் எங்கே போய் விளையாடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முதலமைச்சர் கோப்பைப் போட்டிகள் பற்றி உங்கள் நாளிதழில் வரும் செய்திகளை விடாமல் படிக்கிறவள் நான். பள்ளி, கல்லூரி, மாற்றுத்திறனாளிகள், அரசு ஊழியர், பொதுமக்கள் என்று பிரிவு பிரிவாக வைத்து மாவட்டம் மாவட்டமாக நடத்துகிறார்கள். மனசாரப் பாராட்ட வேண்டிய விஷயம். ஆனால் பொதுமக்கள் பிரிவுக்கு 15 முதல் 35 வயது வரை என்று வரம்பு வைத்திருக்கிறார்களே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

எங்கள் பகுதியில் சாயங்காலம் எறிபந்து ஆடும் பெண்கள் அணி ஒன்று இருக்கிறது (த்ரோபால் என்று சொன்னால்தான் நிறைய பேருக்குத் தெரியும்). தையல் கடை வைத்திருக்கும் அக்கா, மருந்துக்கடையில் பில் போடுகிறவர், மாநகராட்சியில் தூய்மைப் பணி செய்கிறவர், காப்பீட்டு முகவர், அப்புறம் என்னைப் போல வீட்டோடு இருப்பவர்கள். முக்கால்வாசிப் பேருக்கு நாற்பது தாண்டிவிட்டது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து என்னை எல்லோரும் இன்னாரின் மனைவி, இன்னாரின் அம்மா என்றுதான் அறிவார்கள். என் பேரைச் சொல்லிக் கூப்பிடும் தோழிகள் எனக்கு இந்த மைதானத்தில்தான் கிடைத்தார்கள்.

எங்களுக்குச் சொல்லித் தருபவர் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை. சென்னையில் 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய ஹாரி குரோ பக் பற்றியும், இந்த ஆட்டம் அங்கிருந்து பெண்கள் பள்ளிகளுக்குப் பரவியது பற்றியும் அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். நம்மில் எத்தனையோ பேர் பள்ளியில் எறிபந்தும் வளையப்பந்தும் ஆடியவர்கள்தானே? பத்தாம் வகுப்பு வந்ததும் பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்வார், அதோடு சரி. அதற்குப் பிறகு ஒரு பெண் பந்தைக் கையில் பிடிப்பது தன் பிள்ளைக்கு வாங்கித் தரும்போதுதான்.

எறிபந்தில் வரும் பந்தை இரண்டு கையாலும் பிடித்து மூன்று நொடிக்குள் எதிர்ப்பக்கம் எறிந்துவிட வேண்டும். பக்கத்தில் நிற்பவரிடம் தள்ளிவிட முடியாது. இரண்டு பேருக்கு நடுவில் பந்து வந்தால் யாராவது ஒருவர் சத்தமாகச் சொல்லிப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்க, பந்து தரையில் விழும். மருந்துக்கடைத் தோழி வந்த புதிதில் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு நன்றாகத்தான் ஓடுவாள், ஆனால் வாயைத் திறக்க மாட்டாள். டீச்சர் அவளைத் திட்டவில்லை. பந்தே இல்லாமல் நடுக்கோட்டில் நிற்கவைத்து, "நான் எடுக்கிறேன்" என்று கத்தச் சொன்னார், பின்கோட்டில் நிற்பவர்களுக்குக் கேட்கும்வரை. இப்போது அவள் குரல் மைதானத்துக் கேட் வரை கேட்கிறது. போன தீபாவளிக்கு முன்னால் இழுத்தடித்துக்கொண்டிருந்த சம்பள பாக்கியை முதலாளியிடம் நேராகப் போய்க் கேட்டு வாங்கினாள். எல்லாவற்றுக்கும் ஆட்டம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் அவளே அப்படித்தான் சொல்கிறாள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எங்கள் பகுதியில் அடுத்தடுத்த தெருக்காரர்கள்கூடக் கோயில் திருவிழாவில் தனித்தனியாகத்தான் நிற்பார்கள், எதனால் என்று உங்கள் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்தத் தெருக்களிலிருந்து வரும் பெண்கள் இங்கே ஒரே பாட்டிலில் தண்ணீர் குடிக்கிறோம், ஒருத்தி புள்ளி எடுத்தால் இன்னொருத்தி கட்டிப்பிடிக்கிறாள். தூய்மைப் பணி செய்யும் அக்காதான் எங்கள் கேப்டன், அவர் கைகாட்டிய இடத்தில் மற்றவர்கள் நிற்கிறோம். தையல் கடை அக்காவின் கணவருக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது, ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு யார் கொண்டுபோவது, பிள்ளையைப் பள்ளியிலிருந்து யார் அழைத்துவருவது என்று ஆடி முடித்த கையோடு அங்கேயே உட்கார்ந்து முறை போட்டுக்கொண்டோம். சொந்தக்காரர்கள் ஊரிலிருந்து வந்து சேர்வதற்குள் எல்லாம் நடந்துகொண்டிருந்தது.

வாரத்துக்கு 150 நிமிடமாவது உடம்பை அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். டாக்டர்களும் வாக்கிங் போங்கள் என்கிறார்கள். நானும் போனேன். வாக்கிங்குக்கு ஒருநாள் போகாவிட்டால் கேட்பதற்கு ஆள் இல்லை, அப்படியே நின்றுபோனது. அணி அப்படியில்லை, நான் வராவிட்டால் ஏழு பேர் ஆறு பேராகிவிடுவார்கள், ஐந்தரைக்கெல்லாம் போன் அடிக்கும், "எங்கே இருக்கே, வர்றியா இல்லியா?" என்று. நாம் வருவோமா என்று நாலு பேர் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய தெம்பு என்பது வீட்டில் எல்லோருக்காகவும் காத்திருந்தே பழகிய பெண்களுக்குத்தான் தெரியும்.

சரி, குறைக்கு வருகிறேன். எங்கள் மைதானத்தில் ஒரு மூலையில் மட்டும்தான் விளக்கு எரிகிறது, மழைக்காலத்தில் ஆறு மணிக்கே பந்து கண்ணுக்குத் தெரிவதில்லை. கழிப்பறை இருக்கிறது, பூட்டியே கிடக்கிறது. கிரிக்கெட் ஆடும் பையன்களைக் குறை சொல்ல மாட்டேன், கேட்டதும் பிட்சைத் தள்ளிப்போட்டு எங்களுக்கு இடம் விட்டவர்கள் அவர்கள். ஆனால் பையன்களின் நல்ல மனசை நம்பியே ஓர் அணி எத்தனை நாளைக்கு ஓடும்? மாலையில் ஒரு மணி நேரம் பெண்களுக்கு என்று போர்டு எழுதி வைக்க என்ன செலவாகிவிடப் போகிறது?

கிராமங்களிலும் இது முடியும். கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் திட்டத்தில் 12,525 ஊராட்சிகளுக்கு 33 வகைப் பொருள்கள் என்று அறிவித்தார்கள், அவற்றைப் பெண்களும் கேட்டு வாங்கி ஆட வேண்டும். பெண்கள் வாலிபால் வலையின் உயரம் 2.24 மீட்டர், எறிபந்து வலை 2.20 மீட்டர். நாலு சென்டிமீட்டர்தான் வித்தியாசம் என்பதால், வாலிபால் கம்பம் நட்டிருக்கும் எந்த ஊரிலும் நாளைக்கே ஆட்டத்தைத் தொடங்கலாம்.

கண்ணகி நகர் கார்த்திகா 2025இல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியின் கபடியில் தங்கம் வாங்கியபோது எங்கள் மைதானத்தில் பல நாள் அதே பேச்சுதான். எங்களோடு வரும் பெண் பிள்ளைகள் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து அம்மாக்கள் ஆடுவதைப் பார்க்கிறார்கள், இடைவேளையில் பந்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். பத்தாம் வகுப்பு வந்ததும் இவர்களை யாரும் அவ்வளவு சுலபமாக நிறுத்திவிட முடியாது என்று நம்புகிறேன்.

முதலமைச்சர் கோப்பையில் அரசு ஊழியர்களுக்கு வயது வரம்பு கிடையாது. நாற்பத்தைந்து வயதில் அரசு வேலையில் இருப்பவர் களத்தில் இறங்கலாம், அதே வயதில் தையல் மிஷின் மிதிப்பவர் இறங்கக்கூடாது என்றால் அது சரியில்லை. அடுத்த போட்டிக்கான அறிவிப்பு வருமுன்பே 35 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு ஒரு பிரிவைச் சேர்த்து, அதில் எறிபந்துக்கும் இடம் தர வேண்டும் என்று விளையாட்டுத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். எங்களைப் போன்ற அணிகள் வேறு எந்த ஊர்களில் இருக்கின்றன என்று உங்கள் நிருபர்கள் விசாரித்து எழுதினால், பஸ் ஏறிப் போய் அவர்களோடு ஒரு ஆட்டம் போட நாங்கள் தயார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி.