மாப்ளைக்கு: புதனில் சூரியன் பின்னால் நடக்கிறது

அன்புள்ள மாப்ளே,

நலம், நலமறிய ஆவல். பொங்கல் வாழ்த்துக்குக்கூட பதில் போடவில்லை என்று நீ கொதித்துக்கொண்டிருப்பதைத் தங்கச்சி போனில் சொல்லிவிட்டது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். இனிமேல் கேரம்போர்டில் காய் தெரியவில்லை என்ற சாக்கு செல்லாது. இங்கே மழை இல்லை, முட்டிவலி இருக்கிறது. ஊர்ச் செய்தி அவ்வளவுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். மகன் தன் பழைய லேப்டாப்பில் ஆர்பிட்டர் என்ற விண்வெளிப் பயண சிமுலேட்டரைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். மார்ட்டின் ஷ்வைகர் என்பவர் 2000-இல் இலவசமாக வெளியிட்டது. 2021-இல் அதன் மூல நிரலையே ஊருக்குத் திறந்துவிட்டார். ராக்கெட் ஓட்டுவதெல்லாம் அப்புறம். எனக்குப் பைத்தியம் பிடித்தது வேறு இடத்தில். அதில் ஒவ்வொரு கோளுக்கும் ஒரு சின்ன எழுத்துக் கோப்பு, நோட்பேடிலேயே திறக்கலாம். நிறை கிலோகிராமில், ஆரம் மீட்டரில், சுழற்சிக் காலம் நொடியில். புதனுக்கு நிறை 3.3 × 10²³, ஆரம் சுமார் 24 லட்சத்து 40 ஆயிரம், சுழற்சி சுமார் 50 லட்சத்து 67 ஆயிரம். மளிகைச் சீட்டு மாதிரி நாலு வரி எழுதினால் ஒரு உலகம் தயார். இதில் ஒரு வேடிக்கை பார்: செவ்வாயின் ஆரம் 3,390 கி.மீ., நிறையும் புதனைப்போல இரண்டு மடங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஆனாலும் இரண்டிலும் ஈர்ப்பு ஏறக்குறைய ஒன்றுதான், நொடிக்கு நொடி 3.7 மீட்டர் வேகம் கூட்டும் இழுப்பு. புதனுக்குள் அவ்வளவு பெரிய இரும்புக் கரு.

சரி, நம்ம கணக்கு வாத்தியார் நினைவிருக்கிறதா, புதன் எப்போதும் ஒரே முகத்தைத்தான் சூரியனுக்குக் காட்டும் என்று போர்டில் வட்டம் போட்டவர்? நீ எழுந்து கேள்வி கேட்டு, நான் சேர்ந்து வெளியே நின்றேனே! உன் பெயரைச் சொல்லி நான் வாங்கியது அது ஒன்றா இரண்டா. போர்ட்டோ ரிக்கோவில் இருந்த அரெசிபோ தொலைநோக்கியின் ரேடார் 1965-லேயே அந்தக் கதையை முடித்துவிட்டது. சுழற்சி 59 நாளுக்குக் கொஞ்சம் குறைவு, சூரியனைச் சுற்ற 88 நாள். இரண்டு சுற்றுக்குச் சரியாக மூன்று சுழற்சி.

முதலில் வாத்தியாரின் புதனைச் செய்து பார்த்தேன். ஒரே முகம் தெரிய சுழற்சியும் சுற்றும் ஒரே காலத்தில் முடிய வேண்டுமல்லவா, அதனால் சுழற்சியை 88 நாளாக்கிவிட்டு, தரையில் ஒரு கப்பலை நிறுத்தி, காலத்தை லட்சம் மடங்கு ஓடவிட்டேன். அப்போதும் சூரியன் ஓரிடத்தில் நிற்கவில்லை மாப்ளே! இந்தப் பக்கம் சுமார் 24 டிகிரி, அந்தப் பக்கம் சுமார் 24 டிகிரி என்று ஊசலாடுகிறது. பாதை அவ்வளவு நீள்வட்டம்; வட்டத்திலிருந்து எவ்வளவு விலகியது என்று சொல்லும் மையத்தொலைத்தகவு 0.2056 (சரியான வட்டத்துக்குச் சுழியம்). சூரியனுக்கு 4.6 கோடி கி.மீ. வரை வருகிறது, பிறகு ஏழு கோடிக்குக் கிட்டத்தட்ட விலகுகிறது. வாத்தியார் சொன்னதே நிஜமாக இருந்தாலும், வெளிச்சமும் இருட்டும் சேரும் ஓரத்தில் குடியிருப்பவனுக்கு உதயமும் உண்டு, அஸ்தமனமும் உண்டு.

அப்புறம் உண்மையான எண்ணைப் போட்டேன். ஒரு பகலும் ஒரு இரவும் சேர்ந்து 176 பூமி நாள். திரையில் இரண்டரை நிமிஷம். புதன் சூரியனை நெருங்கும் சமயத்தில் சுற்றும் வேகம் சுழலும் வேகத்தை மிஞ்சுகிறது. உடனே சூரியன் தயங்குகிறது, நிற்கிறது, வந்த வழியே திரும்பிப் போகிறது, பிறகு மறுபடி முன்னால் கிளம்புகிறது. கப்பலைச் சரியான தீர்க்கரேகையில் வைத்தால் உதித்து, அமிழ்ந்து, மறுபடி உதிக்கும். காபி ஆறிப்போனது, வீட்டில் திட்டும் விழுந்தது. நாசாவின் மரினர் 10 விண்கலத்தின் கதையும் இப்போதுதான் விளங்கியது. 1974-75-இல் அது மூன்று முறை புதனருகே போயும், ஒவ்வொரு முறையும் அதே பாதிமுகத்தில்தான் வெயில். ஏனென்றால் அதுவும் 176 நாளுக்கு ஒரு தடவைதான் திரும்பி வந்தது.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. வாத்தியாரின் பொய் எண்ணைப் போட்டபோதும் அந்தப் புதன் மறுப்பே சொல்லாமல் சுழன்றது. கோப்பில் எழுதுவதுதான் அதற்குச் சட்டம். நிஜப் புதனுக்கு யாரும் எண் எழுதிக் கொடுக்கவில்லை. சூரியனின் இழுவை அதன் சுழற்சியைக் குறைத்துக்கொண்டே வந்து, இந்த மூன்றுக்கு இரண்டில் பூட்டியிருக்கிறது. ஏன் வாத்தியார் சொன்ன ஒன்றுக்கு ஒன்று வரை போகவில்லை? நீள்வட்டம்தான் காரணம் என்று இத்தாலிய விஞ்ஞானி ஜுசெப்பே கொலம்போ விளக்கியதைப் படித்தேன். வாக்கியம் புரிகிறது, விசை புரியவில்லை. முப்பது வருஷம் பிசிக்ஸ் நடத்தியவன் நீ. போனில் வேண்டாம், பாதியில் அரசியலுக்குப் போய்விடுவாய். படம் போட்டு, கையால் எழுதி அனுப்பு. தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. கண்ணுக்கு மருந்து விடுவதை மறக்காதே.

உன்,
மச்சான்