லண்டன் மூத்தவர்களின் வரிகளுக்கும் இடம் கொடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் கைபேசியில் தாளத்தை ஓடவிட்டுத் தமிழில் சொல்லிசை (ராப்) எழுதும் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். உங்கள் இளையோர் பக்கம் அவர்களுக்குப் புதுப் பாட்டுகளை மட்டுமே காட்டுகிறது. லண்டன் ‘கிரைம்’ இசையின் மூத்தவர்களையும் காட்ட வேண்டும். (இது குற்றத்தைக் குறிக்கும் சொல்லல்ல, படிந்த அழுக்கைக் குறிக்கும் வேறு சொல்.)

2000களின் தொடக்கத்தில் கிழக்கு லண்டனில் பிறந்த வேகமான சொல்லிசை வகை இது. கிரைம் கலைஞர்களான டிஸ்ஸி ராஸ்கல் 2003இலும் ஸ்கெப்டா 2016இலும் பிரிட்டனின் மெர்க்குரி இசை விருதை வாங்கியது பலருக்குத் தெரியும். ஆனால் அருமையான வரிகள் பல, உரிமம் இல்லாத வானொலிகளில் நேரடியாகச் சொல்லப்பட்டவை. அவற்றில் ஒன்றான ரின்ஸ் எஃப்எம் உரிமம் பெற்றதே 2010இல்தான். நாடாவில் பிடித்தது மிஞ்சியது, மற்றது காற்றோடு போனது. மிஞ்சியதிலும் சில அடுத்தவர் பாட்டுக்குள் கிடக்கின்றன. எங்கள் சனம் நிறைந்த ஈஸ்ட்ஹாமில் வளர்ந்த கிரைம் கலைஞர் கேனோ. அவருடைய ‘டிபிக்கல் மீ’ பாட்டில் (2005) கெட்ஸ் என்ற இன்னொரு கிரைம் கலைஞர் சொல்லும் பகுதியைக் கேளுங்கள். அத்தனை வேகத்திலும் ஒரு சொல்கூட மசங்காது. டர்ட்டி குட்ஸ் என்ற கலைஞர் 2007இல் வெளியிட்ட ‘அக்சியம்’ தொகுப்பில், ‘ஸ்விச்சிங் சோங்ஸ்’ இரண்டாம் பகுதி கேட்க வேண்டிய இன்னொன்று. தாளம் மாற மாற அவர் சொல்லும் முறையும் மாறும்.

எங்கள் பிள்ளைகள் சறுக்கும் இடத்துக்கு இந்த வரிகள்தான் மருந்து. கிரைமின் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 140 தட்டு. நாலு தட்டு ஒரு பார். 16 பார் சொல்லி முடிக்க 27 விநாடிதான். ஒரு தட்டை நாலாக உடைத்தால் ஒரு துண்டுக்கு 0.11 விநாடி. அதில் ஒரு குறில் அடங்கும், நெடில் இரண்டு துண்டைத் தின்னும், மெய் அரைத் துண்டு. ‘வாறாங்கள் போறாங்கள்’ என்ற இரண்டே சொல்லுக்கு 12 துண்டு, முக்கால் பார் போய்விடும். ‘கடகடவென மழை’ எட்டுத் துண்டில் முடிந்துவிடும் (கடைசி ‘ழை’ குறுகி ஒலிக்கும்). நெடிலை அடுக்கிவிட்டு வேகத்தைக் கூட்டினால் சொல் கிழியும். குரலில் குறையில்லை, எழுத்தில்தான் குறை.

அடுத்தது இயைபு, அதாவது வரி முடிவில் ஒலி ஒத்து வருவது. போறேன், வாறேன், பாடுறேன் என்று வினைமுற்றால் முடித்தால் இயைபு சும்மா வந்துவிடும். நாலாவது பாரிலேயே காது சலித்துவிடும். கெட்ஸும் குட்ஸும் கடைசி அசையோடு நிற்பதில்லை, வரியின் நடுவிலும் ஒலியைப் பொருத்துவார்கள். எங்களிடம் அதற்கு எதுகை இருக்கிறது. முள்ளியவளைக் கோவலன் கூத்தைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இது புதிதல்ல. வரித் தொடக்கத்தில் எதுகையையும் முடிவில் பெயர்ச்சொல்லையும் வைத்துப் பார்க்கட்டும்.

மூச்சையும் எழுதும்போதே குறிக்க வேண்டும். நாலு பாருக்கு 7 விநாடி; அதன் கடைசித் தட்டை வெறுமையாக விட்டால் போதும். அதை விடாதவர்களுக்குத்தான் 12ஆவது பாரில் குரல் அடைக்கிறது. முதலில் தாளமில்லாமல், கையால் தட்டியபடி 100 வேகத்தில் சொல்லி, பத்துப் பத்தாகக் கூட்டிக்கொண்டு போகலாம்.

மாதம் ஒரு பழைய பகுதியை எடுத்து, மூச்சு எங்கே, இயைபு எங்கே என்று விளக்கி அரைப் பக்கம் ஒதுக்குங்கள். கெட்ஸின் அந்தப் பகுதியிலிருந்தே தொடங்கலாம்.

சொல்லிசை ஆர்வலர்கள்,
கிளிநொச்சி.