பாணிக் கொட்டிலுக்கு இறக்கிய பத்தி

நிலாவெளி,
திருகோணமலை.

அன்புள்ள நண்பா,

நீ ஒன்றாரியோவிலிருந்து எழுதிய கடிதம் கிடைத்தது. மேப்பிள் மரத்தின் சாற்றில் ஏறக்குறைய 40 லீற்றரைக் காய்ச்சினால்தான் ஒரு லீற்றர் பாணி தேறும் என்று நீ எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினேன். எட்டு லீற்றர் கருப்பநீருக்கே, அதாவது சுண்ணாம்பு சேர்ந்த பனஞ்சாற்றுக்கே, விறகு போதவில்லை என்று நாள்தோறும் முணுமுணுக்கும் என் மனைவி அன்று முழுவதும் அடுப்படியில் வாய் திறக்கவில்லை.

அப்பா போட்ட பாணிக் கொட்டில் உனக்கு நினைவிருக்கும். அதன் மேற்குப் பக்கத்தில் எட்டடி அகலத்துக்கு ஒரு பத்தி, அதாவது சாய்ப்புக் கூரை, இறக்கிவிட்டோம். மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் நாட்களில் அடுப்பின் தீ ஒரு பக்கமாகச் சாய்ந்து, தாச்சிச் சட்டியின் பாதி கொதிக்க மறுபாதி சும்மா கிடக்கும். சாம்பலும் பறந்து பாணிக்குள் விழும். போதாக்குறைக்கு, வெளியே விறகுக்காகக் குவித்திருக்கும் பனை மட்டையும் ஊமல் என்ற காய்ந்த பனங்கொட்டைக் கோதும் ஒரு மழைக்கே நனைந்துவிடும். சுண்ணாம்பு பூசிய முட்டியில் இறக்கினாலும் கருப்பநீர் நெடுநேரம் காத்திராது. அடுப்பு சுணங்கினால் நுரைத்துப் புளிக்கத் தொடங்கிவிடும். ஆகவே விறகு அடுக்கவும் காற்றை மறைக்கவும் ஒரே பத்தியாக இருக்கட்டும் என்று தீர்மானித்தோம்.

மச்சான், மகன், மருமகன் மூவருமாக இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முடித்துவிடுவதாகச் சொன்னார்கள். நான்கு ஞாயிறுகள் சென்றன. பழைய தாழ்வாரத்திலிருந்து சரிவு கொடுத்தால் பத்தியின் வெளி விளிம்பு என் நெஞ்சளவுக்கு வந்துவிடும் என்பதை, தூண்களுக்குக் குழி தோண்டிய பிறகுதான் கண்டோம். தரையைத் தாழ்த்தலாம் என்றார் மருமகன். மார்கழி மழையில் அது குளமாகிவிடும் என்று நான் மறுத்தேன். கடைசியில் மச்சான் உழவு இயந்திரத்தின் ஜாக்கியைக் கொண்டுவந்து, கூரையைத் தாங்கும் பழைய வளை மரத்தை ஓர் அடி உயர்த்தி, அதன் கப்புத் தூண்களுக்கு அடியில் சீமெந்துக் கல் வைத்துக் கொடுத்தார். வளை முனகிய ஒவ்வொரு முறையும் மகள் வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்து பார்த்தாள்.

கைமரங்கள் எல்லாம் இடித்த வீடொன்றில் எடுத்த பழைய பனை. வைரம் ஏறிய அந்த மரத்தில் ஆணி இறங்கவேயில்லை. மூன்றாவது அடியிலேயே கொக்கிபோல் வளைந்தது. மருமகன் மின்துளைப்பானால் துளையிட்டபோது துளையிலிருந்து மெல்லிய புகையும் தேன் கருகியது போன்ற வாசமும் எழுந்தன. துளைக்கும் ஊசிகள் இரண்டு முறிந்தன. இருந்தாலும், கறையான் எளிதில் அண்டாத மரம் என்பதால் அந்தச் செலவைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. தகரம் ஏழு போதுமாயிருந்தது.

உன் கடிதத்திலிருந்து நாங்கள் களவெடுத்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சாறு காய்ச்சும் கொட்டிலின் முகட்டில் ஆவி போவதற்கென்றே திறந்த குட்டிக் கூரை வைப்பார்கள் என்று எழுதியிருந்தாயே, அதேபோல் தாச்சிக்கு நேர்மேலே தகரத்தை வெட்டி, நான்கடி நீளத்தில் ஒரு குட்டி முகடு ஏற்றினோம். முன்பு ஆவி தகரத்தில் பட்டுக் குளிர்ந்து, புகைக்கரியையும் கரைத்துக்கொண்டு, கறுத்த துளிகளாகத் தாச்சிக்குள்ளேயே சொட்டும். பாணியின் நிறம் கெடுவதற்குச் சுண்ணாம்பு கூடியதுதான் காரணம் என்று எத்தனையோ வருடங்களாகச் சீவல் தொழிலாளியைக் குறை சொல்லிவந்தோம். சுண்ணாம்புக்கும் அதில் பங்கு உண்டுதான். ஆனால் போன வாரம் காய்ச்சிய பாணியைப் போத்தலில் ஊற்றி வெயிலில் பிடித்தபோது மறுபக்கம் நின்ற மகனின் விரல்கள் தெரிந்தன. சீவல் தொழிலாளியிடம் நேரில் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, அடுத்த பாளை எப்போது கட்டலாம் என்று கேட்டார்.

பொங்கி வழியாமலிருக்க நீங்கள் ஒரு துளி வெண்ணெய் இடுகிறீர்களாம். இங்கே மனைவி தேங்காய்ப்பூவைக் கொஞ்சம் தூவுகிறாள். இதில் மாற்றம் செய்ய அவள் சம்மதிக்கமாட்டாள்.

நீ அடுத்த முறை எழுதும்போது, பாணி வடிக்கும் அந்தத் தடித்த கம்பளித் துணியில் ஒரு முழம் அனுப்ப முடியுமா என்று சொல். பழைய வேட்டியை நான்காய் மடித்து வடித்தாலும் சுண்ணாம்பு வண்டல் அடியில் தங்கிவிடுகிறது. சூடாக இருக்கும்போதே வடிப்பீர்களா, ஆறவிட்டா?

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்