ஒளிப்பதிவு: குழுவினர்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலம். அப்பாவின் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. சொன்னால் கேட்கிற ஆளா அவர்? தம்பி விஷயம் உனக்கே தெரியும். சரி, நீங்கள் எடுத்த குறும்படத்துக்கு வருகிறேன்.

நீ அனுப்பிய அன்றே பார்த்துவிட்டோம். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. முடிந்ததும், "இன்னொரு தடவை போடு" என்றார். அவர் வாயிலிருந்து அது வந்தால் என்ன அர்த்தம் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. போட்டிக்குப் போகும்வரை யாருக்கும் காட்டாதே என்றாய், காட்டவில்லை. பெரியம்மாவுக்கு மட்டும். அவளைக் கணக்கில் சேர்க்க முடியாது.

முதல் நாள் எடுத்ததில் ஃபேன் சத்தம் வசனத்தை விழுங்கிவிட்டது என்று அழாத குறையாகப் போன் செய்தாயே, இப்போது ஒரு சொல்கூடத் தவறாமல் கேட்கிறது. எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நிற்க, வெறும் அறையின் சத்தத்தை அரை நிமிடம் தனியாகப் பதிவு செய்து வைத்துக்கொள்ள வேண்டும், எடிட்டிங்கில் வெட்டு தெரியாமல் இருக்க அதுதான் உதவும் என்று எனக்கே பாடம் நடத்தினாய். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள், பேச்சு கேட்காவிட்டால் எழுந்து போய்விடுவார்கள் என்றும் சொன்னாய். நல்ல பாடம்தான்.

ஒரு குறை. வாசலில் நிற்கும்போது பேத்தியின் பை வலது தோளில் இருக்கிறது. உள்ளே வந்ததும் இடது தோளுக்குப் போய்விட்டது. கன்டினியூட்டிக்கு ஆள் வைத்திருக்கிறோம் என்றாயே, என்ன செய்துகொண்டிருந்தார்கள்? ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்திருந்தால் போதும். உனக்குச் சின்ன வயதிலிருந்தே கடைசி நேர அவசரம்.

எனக்குப் பிடித்தது கட்டிலுக்கு அடியில் தாத்தா சாவியைத் துழாவுகிற ஷாட். முகமே இல்லை, கை மட்டும். விரல்கள் தூசியில் நாலு கோடு இழுத்துக்கொண்டு வருகின்றன. சாவிக்குப் பக்கத்தில் வந்து, தொடாமல் திரும்பிப் போகின்றன. கேமரா அசையவே இல்லை. ஸ்டாண்டு அவ்வளவு தாழ இறங்காது என்று, உன் கேமராக்காரி தரையில் குப்புறப் படுத்து மூச்சை அடக்கிக்கொண்டு எடுத்தாள் என்று அன்றிரவு எத்தனை உற்சாகமாகச் சொன்னாய்! அறை முழுக்க விளக்கு போட்டதும் திரையில் பட்டை பட்டையாக ஓடியதே, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரிகிற விளக்குக்கு கேமரா ஷட்டரை 1/50 விநாடியில் வைக்க வேண்டும் என்று கண்டுபிடித்ததும் அவள்தானே? அதையும் நீதான் சொன்னாய்.

டைட்டிலில் 'ஒளிப்பதிவு: குழுவினர்' என்று வருகிறது. நன்றி சொல்கிற பட்டியலிலும் தேடினேன். லைட் கொடுத்தவர், வீடு கொடுத்தவர் எல்லாம் இருக்கிறார்கள்.

நான் எதுவும் கேட்கவில்லை. போன மாதம்வரை நீ பேசினால் பாதிப் பேச்சு அவள் சொன்னதாகத்தான் இருக்கும். இப்போது அவள் பெயரே உன் வாயில் வருவதில்லை. நானாக எடுத்தாலும், "படிப்பு இருக்கிறதும்மா" என்று போனை வைத்துவிடுகிறாய்.

எடுத்ததையெல்லாம் இரண்டு ஹார்டு டிஸ்க்கில் போட்டு வைத்திருக்கிறாயா? இரண்டும் ஒரே மேஜையில் இருந்தால் பிரயோஜனமில்லை. ஒன்று அவளிடம் இருக்கிறது என்றாய். இப்போதும் அவளிடம்தானா? கேட்டால் கொடுப்பாளா? எதற்கும் இன்னொரு பிரதி எடுத்துவிடு. மெமரி கார்டை அதற்கு முன்னால் அழித்துவிடாதே.

பாதியில் அவளாகப் போனாளோ, நீங்கள் போகச் சொன்னீர்களோ, அது உங்கள் கணக்கு. கோபத்தில் யார் என்ன சொன்னீர்கள் என்பதும் எனக்கு வேண்டாம். ஆனால் அவள் எடுத்த ஷாட்டெல்லாம் படத்தில் இருக்கிறதே, கண்ணு. ஆஸ்கரில் குறும்படம் என்றால் 40 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும், டைட்டில் ஓடுகிற நேரமும் அதில் சேர்த்தி என்று நீதான் சொன்னாய். உங்கள் படம் 12 நிமிடம். விநாடிக்கு 24 பிரேம் என்றால், ஒரு பெயர் இரண்டு விநாடி நிற்க 48 பிரேம். அதற்கா இடமில்லை?

அப்பாவும் சித்தப்பாவும் கடை போர்டில் யார் பெயர் மேலே என்பதில்தான் ஆரம்பித்தார்கள். மீதியைப் பார்த்து வளர்ந்தவள் நீ.

உன் இயக்கத்தைப் பற்றிச் சொல்லவே இல்லையே என்று நினைப்பாய். தாத்தாவாக நடித்தவரை அவ்வளவு நேரம் பேசவிடாமல் வைத்திருந்தாயே, அந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்திருந்தது. பெரியம்மா அந்த இடத்தில்தான் அழுதாள். அவள் எதற்கும் அழுவாள், இருந்தாலும்.

போட்டிக்குக் கடைசித் தேதி எப்போது? டைட்டிலை மட்டும் திருத்தி மறுபடி எக்ஸ்போர்ட் போட ரொம்ப நேரம் பிடிக்குமா? அனுப்பிய பிறகு மாற்ற விடுவார்களா என்று கேட்டுக்கொள். நேரத்துக்குத் தூங்கு. டிஸ்க் விஷயத்தை மறக்காதே.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வெளியே போன பிறகு கூப்பிடு. அவர் இருந்தால் போர்டு கதையை எடுத்துவிடுவார், நாம் பேச முடியாது.

அன்புடன்,
அம்மா